எண்ணும் வண்ணமும்

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தலைமுறையினருக்குக் கணக்கின் வலிமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன்னரே பெரட்டுக்கு வந்து நின்ற தொழிலாளியின் பெயரைக் கிராணியார் செக்ரோலில் பதிந்தால் அன்று அவருக்குக் கூலி உண்டு. பதியாமல் விட்டால், மரம் சீவிய கைக்கும் பால் வாளி சுமந்த தோளுக்கும் சான்றே இல்லை. ஏட்டில் விழுந்த ஒரு சிறு கோடு ஒரு குடும்பத்தின் ஒரு நாளைய சோறாக இருந்தது. கணக்கு என்பது எண்களை அடுக்கும் தொழில் மட்டும் அன்று. இன்னார் இதைச் செய்தார், அவருக்கு இவ்வளவு உரியது என்று ஒப்புக்கொள்ளும் செயல் என்பதை அந்தத் தலைமுறை பட்டறிவால் உணர்ந்திருந்தது. ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அறத்தின்பாற்பட்டவை. ஆதலால் கணக்கும் அறத்தின்பாற்பட்டதே.

தோட்டத்துக் கணக்கில் அளவுகோல் ஒன்று இருந்தது. நாளை எண்ணலாம், பாலை நிறுக்கலாம். செய்யப்படும் பொருள் அழகாக இருக்கும்போது எதை எண்ணுவது, எதை நிறுப்பது? ஒரு நூலின் மேலட்டைக்காக ஓவியர் ஒருவர் மூன்று நாள் முயன்றும் பிடிபடாத வடிவம், நான்காம் நாள் காலையில் தேநீர் அருந்தும்போது ஒரு நொடியில் உதித்துவிடுகிறது. விலை மூன்று நாளுக்கா, ஒரு நொடிக்கா? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இன்று வடிவமைப்புக் கூடங்கள் பல இயங்குகின்றன. நூலட்டை, கடைப்பலகை, பொருட்களின் உறை, கண்காட்சி அரங்கு என எத்தனையோ பொருள்கள் அங்கே உருப்பெறுகின்றன. அத்தகைய கூடத்தின் ஒரு மூலையில் வண்ணத்தைத் தொடாத ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் நிதிக் கணக்கைப் பார்ப்பவர். அழகைப் படைக்கும் இல்லத்தில் பணத்தை எண்ணுபவரின் அறம் யாது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இருபுறமும் இடி

மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்கள். இக்கணக்கரின் நிலையும் அதுவே. ஓவியர் உள்ளம் நிறைவு பெறாமல் ஐந்தாம் முறையாகப் படத்தைத் திருத்த விரும்புகிறார். மூன்று திருத்தங்களுக்குத்தான் விலை பேசப்பட்டது என்று கணக்கர் நினைவூட்டுகிறார். அந்த நொடியிலேயே அவர் கலையுணர்வு அற்றவர் என்னும் பெயரைப் பெற்றுவிடுகிறார். மறுபுறத்தில் கடன் கொடுத்த வங்கியோ, செலவை அடக்கத் தெரியாதவர் என்று அவரையே குறை கூறுகிறது.

இத்தொழிலின் இயல்பே இந்த முரண்பாட்டை வளர்க்கிறது. கூடத்துக்கு வரும் பணமும் கூடத்திலிருந்து போகும் பணமும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. வேலை இன்று முடிகிறது. பில் நாளை அனுப்பப்படுகிறது. வாடிக்கையாளரின் பணம் வந்து சேர அறுபது நாளும் ஆகலாம், தொண்ணூறு நாளும் ஆகலாம். சம்பளமோ மாத முடிவில் கொடுக்கப்பட வேண்டும். மலேசியாவில் ஊழியர் சேமநிதிக்குரிய தொகை மறுமாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். வாடகை காத்திருப்பதில்லை. ஆகவே ஏட்டின்படி ஆதாயம் காணும் கூடம், கையில் காசில்லாமல் தவிப்பதும் உண்டு. ஆதாயம் வேறு, கைப்பணம் வேறு. படைப்பவரின் கண்ணுக்கு முடிந்த வேலை தெரிகிறது. கணக்கரின் கண்ணுக்கு வராத பணம் தெரிகிறது.

இந்நெருக்கடியில் கணக்கருக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, கலைஞரின் மனம் நோகக்கூடாதென்று வாய்மூடி இருந்துவிடுவது. மற்றொன்று, பணத்தின் பெயரால் ஆட்சியைக் கைப்பற்றி, எந்த வடிவம் ஏற்றது, எது வேண்டாதது என்று தாமே முடிவு கட்டுவது. முன்னது கோழைமை, பின்னது அத்துமீறல். இரண்டுமே அறமாகா என்பதைக் காட்ட, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் இயங்கிய ஒரு கூடத்தின் வரலாறு நல்ல சான்றாக அமைகிறது.

லண்டன் கூடம்

1861ஆம் ஆண்டில் ரெட் லயன் சதுக்கத்தில் எழுவர் ஒன்றுகூடி ஓர் அலங்காரக் கலைக்கூடத்தைத் தொடங்கினர். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், ஓவியர்களான ராசெட்டி, பர்ன் ஜோன்ஸ், மடாக்ஸ் பிரவுன், கட்டடக் கலைஞர் பிலிப் வெப், பொறியாளர் மார்ஷல், கணிதம் வல்ல ஃபாக்னர் என்போர் அவ்வெழுவர். எந்திரங்கள் மலிந்துவிட்ட காலத்தில் கைத்திறன் மிக்க அழகிய பொருட்களை வீடுகளுக்கு வழங்குவது அவர்களின் நோக்கம். வண்ணக் கண்ணாடிச் சாளரம், மரச்சாமான், பூவேலைத் துணி, சுவர்த்தாள் ஆகியவற்றை அவர்கள் ஆக்கினர். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இட்ட முதல் ஒரு பவுன். மோரிஸின் அன்னையார் 100 பவுன் கடனாகத் தந்தார். மறு ஆண்டில் ஆளுக்கு மேலும் 19 பவுன் இட்டனர். இந்தச் சிறு முதலிலிருந்துதான், இன்றளவும் உலகெங்கும் அச்சிடப்படும் சுவர்த்தாள் வடிவங்கள் பிறந்தன.

1862ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கண்காட்சியில் அவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்தது. புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. தொடக்கத்தில் கணக்கைப் பார்த்துவந்த ஃபாக்னர் 1864இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிவிட்டார். மோரிஸ் அதுவரை பணக்குறையை உணராமல் வாழ்ந்ததற்குக் காரணம் அவருடைய குடும்பத்துக்குரிய செப்புச் சுரங்கப் பங்குகளின் வருமானமே. அந்த வருமானம் அறுபதுகளின் நடுவில் சரியத் தொடங்கியது. 1865இல் அவர் தாம் ஆசையோடு கட்டிய 'ரெட் ஹவுஸ்' என்னும் இல்லத்தை விட்டுவந்து, குவீன் சதுக்கத்தில் தொழிற்கூடத்தின் மேலேயே குடும்பத்துடன் குடியேற நேர்ந்தது.

அவ்வாண்டில்தான் வாரிங்டன் டெய்லர் என்பவர் கூடத்தின் மேலாளராக வந்து சேர்ந்தார். நல்ல கல்வி பெற்றும் வறுமையில் வீழ்ந்து, ஓர் இசைநாடக அரங்கில் சிறு வேலை பார்த்துவந்தவர் அவர். இசையிலும் கலையிலும் பெருங்காதல் உடையவர். கணக்கர் என்றால் கலைக்குப் பகைவர் என்னும் பொது எண்ணம் அவரிடம் பொய்த்துப் போயிற்று. அவர் ஏடுகளைப் புரட்டியபோது கண்டது என்ன? பல வேலைகள் ஒரே காலத்தில் தொடங்கப்பட்டு முடிவுறாமல் கிடந்தன. விலைகள் உழைப்புக்கு ஈடாக இல்லை. மோரிஸின் சொந்தச் செலவும் கூடத்தின் செலவும் ஒன்றையொன்று நெருக்கின.

டெய்லர் வாய்மூடி இருக்கவில்லை. காசநோய் முற்றிக் கடற்கரை ஊராகிய ஹேஸ்டிங்ஸில் தங்க நேர்ந்த பின்னரும், அங்கிருந்தவாறே நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். மோரிஸ் நூல்களுக்கும் மதுவுக்கும் செய்யும் செலவைக் கடிந்தார். தொடங்கிய வேலையை முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும் என்றார். வெப் தம் உழைப்புக்குக் கேட்கும் தொகை மிகவும் குறைவென்று அந்த வெப்பிடமே வாதாடினார். கடைசியாகக் கூறியது சிந்திக்கத்தக்கது. கணக்கர் என்பவர் கலைஞருக்குக் கொடுப்பதைக் குறைப்பவர் என்றே உலகம் எண்ணுகிறது. இந்தக் கணக்கரோ, நீர் பெறுவது போதாது, மேலும் கேளும் என்று கலைஞரிடம் போராடினார். 

அவர் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில்தான் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை அறைகளை அழகுபடுத்தும் பணியும், தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் உணவு அறையை அமைக்கும் பணியும் நடந்தேறின. அந்த அறையை இன்றும் காணலாம். 1870இன் தொடக்கத்தில் டெய்லர் மறைந்தார். அவர் ஒரு பூவும் வரையவில்லை. ஒரு சாளரமும் தீட்டவில்லை. ஆயினும் மற்றவர் வரைவதற்குக் கூடம் நிலைத்து நின்றதில் அவருக்கும் பங்குண்டு.

எண்ணாமை ஈகை அன்று

குறைந்த விலைக்கு நல்ல வேலை செய்து தருவதைப் பெருந்தன்மை என்று கலைஞர் பலர் கருதுகின்றனர். பணத்தைப் பற்றிப் பேசுவது இழிவு என்னும் எண்ணம் நல்லோர் உள்ளத்திலும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பார்வைக்கு உயர்ந்தது. ஆராய்ந்தால் அதன் குறை புலப்படும். விலையில் சேர்க்கப்படாத உழைப்பு மறைந்து போவதில்லை. அதை யாரோ ஒருவர் சுமக்கிறார். சுமப்பவர் பெரும்பாலும் விலை பேசியவர் அல்லர். இரவு கண்விழித்து எழுத்துகளைச் சரிபார்க்கும் இளைஞர், பயிற்சிக்கென வந்து கூலியின்றி உழைக்கும் மாணவர், வீட்டிலிருந்து படம் வரைந்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஓவியர் ஆகியோரே. ஒருவர் பெருந்தன்மை காட்ட, மற்றொருவர் அதற்குப் பணம் கட்டுகிறார். பிறர் பையிலிருந்து எடுத்து வழங்குவது ஈகை ஆகுமா?

எண்ணிப் பார்ப்பவருக்கே உண்மை புலனாகும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட் 1772ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தம் பூச்சாடிகளின் அடக்கச் செலவைத் தாமே அமர்ந்து ஆராய்ந்தார். களிமண்ணுக்கும் விறகுக்கும் ஆகும் செலவு உற்பத்தியோடு கூடிக் குறையும். அச்சு வார்ப்பதற்கும் வாடகைக்கும் எழுத்தர் சம்பளத்துக்கும் ஆகும் செலவோ, பத்துச் சாடி செய்தாலும் ஆயிரம் சாடி செய்தாலும் பெரிதும் மாறுவதில்லை. இந்த வேறுபாட்டை அவர் அன்றே கண்டுகொண்டார். அதே ஆராய்ச்சி தம் அலுவலகக் கணக்கில் நடந்துவந்த மோசடியையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தது. அவர் கலைஞர், எண்ணத் தொடங்கியதால் அவருடைய கலை குன்றிவிடவில்லை. எதைத் துணிந்து செய்யலாம், எதைச் செய்தால் தொழில் மூழ்கும் என்பது தெரிந்ததால் அவர் கை மேலும் உறுதி பெற்றது.

எண்ணாமல் விட்டதன் விளைவை மோரிஸின் கூடமும் பின்னாளில் சந்தித்தது. சட்டப்படி எழுவருக்கும் சம உரிமை இருந்தது. காலம் செல்லச் செல்லப் பொறுப்பும் இழப்பச்சமும் மோரிஸின் தோளிலேயே மிகுதியாக வந்து தங்கின. உறவு மாறிய அளவுக்கு ஒப்பந்தம் மாறவில்லை. 1874இல் கூட்டைக் கலைத்துக் கூடம் முழுவதையும் தாமே ஏற்க மோரிஸ் முனைந்தபோது, பிரவுன், ராசெட்டி, மார்ஷல் மூவரும் தத்தம் பங்கைக் கோரினர். 20 பவுன் முதலிட்டவர் ஒவ்வொருவருக்கும் 1,000 பவுன் ஈடு தரப்பட்டது. ஏனைய மூவரும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தனர். 1875இல் கூடம் மோரிஸ் ஒருவருக்கே உரியதாயிற்று. ஆனால் நெடுநாள் நட்பு முறிந்தது. தங்கள் பெயரும் தூரிகையும் இல்லாமல் கூடம் புகழ் பெற்றிருக்குமா என்று கேட்டவர்களைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிட இயலாது. ஆண்டுகளாகச் சுமை தாங்கியவர் மனம் கசந்ததையும் தவறென இயலாது. யார் எவ்வளவு தந்தார் என்பதை நட்பு நிறைந்திருந்த காலத்திலேயே பேசி எழுதியிருந்தால், நட்பு குறைந்த காலத்தில் வழக்கறிஞரை நாட வேண்டியிருந்திராது. கணக்குக் கேட்பது நட்பின்மை என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணின் எல்லை

இவ்வளவு கூறியதும் ஒரு மறுப்பு எழக்கூடும். எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினால் கலை வாடிவிடாதா? ஒவ்வொரு மணிக்கும் வரவு கேட்கும் இடத்தில் புதுமை பிறக்குமா? இம்மறுப்பு வலியது, புறக்கணிக்கத்தக்கது அன்று.

வால்ட் டிஸ்னியும் அவர் தமையனார் ராயும் 1923இல் ஹாலிவுட்டில் தங்கள் சித்திரப்படக் கூடத்தைத் தொடங்கினர். படைப்பு தம்பியின் பொறுப்பு. முன்பு வங்கியில் பணியாற்றிய அண்ணனுக்குப் பணத்தின் பொறுப்பு. தம்பி முழுநீளச் சித்திரப்படம் ஒன்றை எடுக்க விரும்பியபோது அது பித்தர் செயல் என்று திரையுலகமே நகைத்தது. ராயும் அஞ்சினார், அச்சத்தை மறைக்கவில்லை. ஆயினும் முடிவு செய்யப்பட்ட பின்னர் வங்கிக் கடனை நாடிப் பெறும் பணியை ஏற்றுக்கொண்டார். படம் முடியும்போது செலவு ஏறத்தாழ 15 இலட்சம் டாலரை எட்டியிருந்தது. 1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' வெளிவந்தது. இட்ட பணத்தைப் பன்மடங்காகத் திருப்பித் தந்தது. முந்தைய ஆண்டுகளின் ஏட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அப்படம் பிறந்திராது. ஏடு நேற்றைப் பற்றிப் பேசும். இதுவரை இல்லாத ஒன்றைப் பற்றி அதற்கு ஏதும் தெரியாது. எண்ணின் முதல் எல்லை இதுவே.

வெற்றி கிட்டியதால் மட்டும் துணிவு அறமாகிவிடாது. துணிந்து எடுத்து வீழ்ந்த படங்களும் உலகில் பல. ராயின் செயலில் போற்றத்தக்கது வெற்றி அன்று. அவர் கடைப்பிடித்த முறை. ஆபத்தின் அளவை உரிய காலத்தில் எடுத்துரைத்தார். முடிவு படைப்பவருடையது என்பதை மதித்தார். முடிவான பின் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தார். 1966இல் தம்பி மறைந்த பின், ஓய்வுபெற எண்ணியிருந்த ராய் அதைத் தள்ளிவைத்து, தம்பி கனவு கண்ட ஃபுளோரிடா பொழுதுபோக்கு வளாகத்தை முடித்துவைத்தார். 1971 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது தம்பியின் முழுப் பெயரும் அதில் விளங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. அவ்வாண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார். பணத்தை எண்ணியவர் கனவுக்குப் பகைவராக இருந்தார் என்று இங்கே எவர் கூற இயலும்?

அதே கூடத்தின் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக இரவுபகல் வரைந்த ஓவியர் பலர், அதன் வெற்றியில் தமக்கும் பங்கு கிட்டும் என்று எதிர்பார்த்தனர். அடுத்து வந்த படங்களுக்குப் போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது, பணமுடை வந்தது, ஆட்குறைப்பும் வந்தது. சம்பள ஏற்றத்தாழ்வு, திரையில் பெயர் இடம்பெறாமை போன்ற மனக்குறைகள் திரண்டு 1941இல் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தன. பெரும் கனவுக்குக் கடன் திரட்டத் தெரிந்த கூடத்துக்கு, அக்கனவை வரைந்த கைகளின் கணக்கைத் தீர்க்கத் தெரியவில்லை. வங்கியின் கடனுக்கு ஏட்டில் இடம் இருந்தது. ஓவியருக்குப் பட்ட கடனுக்கு இடமில்லாமற் போயிற்று.

ஏடு காட்டாதவை

எண்ணின் இரண்டாம் எல்லை இங்கேதான் புலப்படுகிறது. ஏட்டில் இருப்பது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் ஏட்டில் இருப்பதில்லை. மோரிஸின் இளமைச் செல்வம் டெவன் பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்தது. செப்பு அருகிய பின் அச்சுரங்கம் ஆர்சனிக் என்னும் நஞ்சைப் பெருமளவில் எடுத்து விற்றது. 1871இல் மோரிஸ் அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். அக்காலத்துப் பச்சை வண்ணங்கள் பலவற்றில் அந்நஞ்சு கலந்திருந்தது. மோரிஸ் கூடத்தின் தொடக்ககாலச் சுவர்த்தாளிலும் அது இருந்ததை 2003இல் வெளியான அறிவியல் ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. சுரங்கத்தின் ஏட்டில் ஆதாயம் இருந்தது. கூடத்தின் ஏட்டில் வண்ணத்தின் விலை இருந்தது. சுரங்கத் தொழிலாளியின் தோலும் நுரையீரலும் எந்த ஏட்டிலும் இல்லை. அழகை அத்துணை நேசித்த ஒருவர், அவ்வழகின் வேர் எதில் ஊன்றியிருந்தது என்பதை நெடுங்காலம் ஆராயவில்லை.

ஆயினும் அவருடைய நெஞ்சு உறங்கிவிடவில்லை. 1883இல் பொதுவுடைமை நோக்குடைய இயக்கத்தில் சேர்ந்த அவர், மறு ஆண்டில் நெருங்கிய தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தம் கூடத்தின் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். தமக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,800 பவுன் வருகிறது. எளிய வாழ்க்கைக்கு 200 பவுனை நிறுத்திக்கொண்டு எஞ்சியதை நூறு தொழிலாளருக்குப் பகிர்ந்தால், ஆளுக்கு 16 பவுன் கிடைக்கும். அது அவர்களுக்கு நன்மைதான். ஆனால் அதனால் தொழிலாளர் உலகின் நிலை மாறிவிடுமா என்று அவர் ஐயுற்றார். முடிவில் முழுப் பகிர்வைச் செய்யவில்லை. அவர் கூறிய காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அறிவைப் பொறுத்தது. மறுக்க முடியாத ஒன்று உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்தான் அவர் தம் செல்வத்துக்கு விடை கூற வேண்டியவரானார். போட்டுப் பாராத முதலாளிகள் நிம்மதியாக உறங்கினர். கணக்கு அறத்தைச் செய்துவிடாது. ஆனால் அறத்தின் வினாவிலிருந்து ஓடி ஒளிய இடம் தராது.

முதலில் யாருக்கு?

இவ்வரலாறுகள் இன்றைய கோலாலம்பூர்க் கூடம் ஒன்றில் அமர்ந்துள்ள கணக்கருக்கு என்ன சொல்கின்றன? ஒரு மாத முடிவை எண்ணிப் பார்க்கலாம். பெரிய வாடிக்கையாளரின் பணம் இன்னும் வரவில்லை. கையிருப்பு எல்லாக் கடனையும் தீர்க்கப் போதாது. வங்கித் தவணை ஒரு பக்கம். வாடகை ஒரு பக்கம். சிறுவர் நூல் ஒன்றுக்குப் படங்கள் வரைந்து தந்த வெளி ஓவியர் ஒருவருக்கு 1,800 வெள்ளி தர வேண்டியுள்ளது. அவர் இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார். வங்கி தாமதத்துக்கு வட்டி கேட்கும். வீட்டுக்காரர் அறிவிப்பு ஒட்டுவார். ஓவியர் என்ன செய்துவிடுவார்? இன்னொரு முறை பணிவாக நினைவூட்டுவார். அடுத்த வேலை கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சி அதையும் செய்யாமல் விடுவார். ஆதலால் அவரைக் காக்கவைப்பதே எல்லோருக்கும் எளிதாகத் தோன்றுகிறது. 'அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்' என்னும் ஒரு சொல்லில் அவருடைய உரிமை தள்ளிவைக்கப்படுகிறது.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பது எண்கணிதத்தின் வினா அன்று. எந்த வரிசையில் கொடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. அந்த வரிசையில்தான் அறம் இருக்கிறது. குரல் உயர்த்துபவருக்கு முதலில் கொடுக்கும் கூடம், அச்சத்துக்குப் பணிகிறது. குரல் அற்றவரையும் வரிசையில் உரிய இடத்தில் நிறுத்தும் கூடம், நீதிக்குப் பணிகிறது. கணக்கருக்குக் கூடத்தின் முடிவை மாற்றும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். காத்திருப்பவரின் பெயரை உரிமையாளரின் முன் எடுத்துவைக்கும் கடமை அவருக்கு உண்டு. அந்தக் கடமையை வேறு எவராலும் செய்ய இயலாது. ஏனெனில் அந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும்.

அதே போன்று, ஐந்தாம் திருத்தத்துக்காக மன்றாடும் ஓவியருக்கும் அவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். 'வேண்டாம்' என்பது அவர் சொல் அன்று. 'இத்திருத்தத்துக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் இன்னாருடைய ஓய்விலிருந்து எடுக்கப்படும். அதை அவர் அறிவாரா?' என்பதே அவர் சொல்லத்தக்கது. அழகின் தரத்தை அவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அழகுக்கு யார் என்ன கொடுக்கிறார் என்பதை மறைக்காமல் இருந்தால் போதும். அதைக் கேட்ட பின்னும் படைப்பவர் தம் உழைப்பைத் தாமே மனமுவந்து ஈந்தால் அது உண்மையான ஈகை. கேளாமலே பிறர் உழைப்பை ஈந்தால் அது களவுக்கு நெருங்கிய உறவு.

ஒவ்வொரு மாதமும் ஏட்டை மூடுமுன் அக்கணக்கர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே. யாருடைய உழைப்பு இன்னும் எழுதப்படவில்லை? இந்த அழகு யாருடைய பணத்தில், யாருடைய உடலில் நிற்கிறது? சொல்ல வேண்டிய உண்மை, மாற்றுவதற்கு இன்னும் காலம் இருக்கும்போதே சொல்லப்பட்டதா? இவற்றுக்கு நேர்மையாக விடை கூறுபவர் தூரிகையைத் தொடாவிட்டாலும் கலைஞர் கூட்டத்தில் ஒருவரே.

தோட்டங்கள் பல இன்று நகரங்களாகிவிட்டன. செக்ரோல் பிடித்த கைகளும் மறைந்துவிட்டன. பெரட்டில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர் இன்று கணினித் திரையின் முன் அமர்ந்து வண்ணம் தீட்டுகின்றனர்; சிலர் பக்கத்து அறையில் அமர்ந்து கணக்கு எழுதுகின்றனர். தொழில் மாறியுள்ளது, உழைத்தவரின் பெயர் ஏட்டில் ஏற வேண்டும் என்னும் அறம் மாறவில்லை. அன்று தாத்தாவின் பெயரைப் பதியாமல் விட்ட எழுதுகோலை ஒரு குடும்பம் எத்தனை தலைமுறை நினைவில் வைத்திருந்ததோ, அதே எழுதுகோல்தான் இன்று பேரனின் கையில் இருக்கிறது.